நன்றி சொல்லப் போன கதை

எங்கள் சபையில் எனக்கு ஒரு தடை உண்டு. காணிக்கைப் பை எடுக்கலாம், நாற்காலி அடுக்கலாம், பின்கட்டில் விளக்கு எரியவில்லை என்றால் மேசைமேல் ஏறி மாற்றலாம், அவசரத்துக்கு ஜெபம்கூடப் பண்ணலாம். நன்றி மட்டும் சொல்லக் கூடாது. கமிட்டிக் குறிப்புப் புத்தகத்தில் என் பெயரைப் போட்டு எழுதவில்லைதான். "இனி நன்றியுரை ஆற்றுகிறவர் தம் பட்டியலை முன்கூட்டியே இரண்டு மூப்பர்களிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும்" என்று பொதுவாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை வாசித்தபோது மேசையைச் சுற்றியிருந்த பதினொரு பேரும் வாசித்தவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள்.

நாங்கள் பிரஸ்பிட்டேரியன்கள். முதல் தடவை கேட்கிறவர்கள் ஏதோ வயிற்றுவலி மருந்து என்று நினைத்துக்கொள்வார்கள். கிரேக்கத்தில் 'மூப்பர்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். பேராயர் கிடையாது; மூப்பர்கள் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். 1560இல் ஜான் நாக்ஸ் என்கிற ஸ்காட்லாந்துக்காரரும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே ஊன்றியது. மலாயாவுக்குத் தோட்டத் துரைமாரோடும் வியாபாரிகளோடும் கப்பலேறி வந்தது. இன்றைக்கு மலேசியாவில் இந்தச் சபைக்காரர்கள் பெரும்பாலும் சீனர்கள், அதிலும் ஜொகூர்ப் பக்கம்தான் கூட்டம். பேராக்கில் நாங்கள் கொசுறு. அதில் தமிழர்கள் கொசுறுக்குக் கொசுறு. ஈப்போவில் மெதடிஸ்ட்காரர்கள் 1895லேயே ஆங்கிலோ-சீனப் பள்ளியைத் தொடங்கிவிட்டார்கள். கத்தோலிக்கர்களுக்கு 1912லிருந்து செயின்ட் மைக்கல் பள்ளி இருக்கிறது. எங்களுக்குக் கமிட்டி இருக்கிறது.

பேராயர் இல்லையே, நிம்மதியாக இருப்பீர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கிற எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் பேராயர்.

போன வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு முந்தைய கூட்டம். செவ்வாய்க்கிழமை ராத்திரி. ஏலம் யார், சாப்பாடு யார், கூடாரம் யார் என்று எல்லாம் முடிந்து, "நன்றியுரை யார்?" என்று தலைவர் கேட்டார். இந்தக் கேள்வி வந்தால் எங்கள் கமிட்டியில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கைப்பேசியில் செய்தி வந்துவிடும். குனிந்துகொள்வார்கள். என் கைப்பேசி அன்று வீட்டில் சார்ஜில் கிடந்தது. பார்க்க வேறு இடமில்லாமல் தலைவர் முகத்தைப் பார்த்துவிட்டேன். "ஸ்தோத்திரம்" என்று எழுதிக்கொண்டார்.

நானும் இதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். முப்பது வருஷம் கிராணி வேலை பார்த்தவனுக்குப் பெயர்ப் பட்டியல் வாசிப்பதா கஷ்டம்?

அறுப்பின் பண்டிகை என்றால் திருநெல்வேலிப் பக்கம் நெல்லும் வாழைத்தாருமாக ஆலயத்துக்குள் நடக்க இடமிருக்காதாம். எங்கள் தோட்டத்தில் எதை அறுப்பது? ரப்பர் மரத்தை அறுத்தால் தண்டல் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவான். அதைக் கோடு பிடித்துச் சீவத்தான் வேண்டும். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போய், பேர் கொடுத்து, மரம் மரமாக வெட்டி, மங்கில் சொட்டுகிற பாலை வெயில் ஏறுமுன் வாளியில் சேர்த்துக் கொண்டுவந்து நிறுக்க வேண்டும். மழை பெய்தால் அதுவும் இல்லை. தினமும் அறுவடை, பண்டிகை மட்டும் வருஷத்துக்கு ஒன்று. நான் பையனாக இருந்தபோது ஒரு பெரியவர், கர்த்தர் கொடுத்ததில் கர்த்தருக்குக் கொடுக்க வேண்டும் என்று, ஒட்டுப்பால் உருண்டை ஒன்றைக் கழுவித் துடைத்து வெள்ளைத் துணி விரித்துத் திருவிருந்து மேசைக்கு முன்னால் வைத்துவிட்டார். ஒட்டுப்பால் தெரியாதவர்களுக்கு அந்த வாசனையை எப்படிச் சொல்வது? மூன்று நாள் ஊறிய சாக்கு, அதில் யாரோ மறந்துவைத்த நெத்திலி. அன்றைக்குப் பிரசங்கம் ஏழு நிமிஷத்தில் முடிந்தது. அந்தப் பெரியவரை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது அந்தத் தோட்டம் பாதி செம்பனை, பாதி தாமான். நாங்கள் இருந்த லயம் இருந்த இடத்தில் கார் கழுவுகிற கடை. அதனால் எங்கள் அறுவடையெல்லாம் பேரங்காடியில்தான். மைலோ டின், ஐந்து கிலோ அரிசி, சமையல் எண்ணெய், சலுகை விலைச் சீட்டு கிழிபடாத பிஸ்கட். அசல் விளைச்சல் என்று பார்த்தால் தம்புன் பம்பளிமாஸ், பீடோர் கொய்யா, புந்தோங்கிலிருந்து யாராவது கொண்டுவரும் கச்சான் பூத்தே. இவையெல்லாம் ஆராதனை முடிந்ததும் ஏலத்துக்கு வரும்.

ஏலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதாவது ஊறுகாயைப் பற்றி.

ஏலம் விடுகிற உதவிக்காரர் ஒரு காலத்தில் ஈப்போ பாசாரில் மீன் விற்றவர். ஒரு பம்பளிமாஸை அவர் தூக்கிக் காட்டினால் அது துள்ளுகிற மாதிரியே இருக்கும். பம்பளிமாஸ் அறுபது வெள்ளிக்குப் போனது. கொய்யா நாற்பது. அடுத்து என் மனைவி போட்ட எலுமிச்சை ஊறுகாய். "அஞ்சு வெள்ளி!" என்றார். ஒரு சத்தமும் இல்லை. அந்த ஊறுகாயைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. இந்தக் கட்டுரையை அவளும் படிப்பாள். "அஞ்சு வெள்ளிக்குக்கூட ஆள் இல்லையா?" என்றார் மறுபடியும். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. குடும்ப மானம். "பத்து" என்றேன். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு பொடியன் கையைத் தூக்கி "பதினஞ்சு" என்றான். அட, நம் வீட்டு ஊறுகாய்க்கும் ஒரு ரசிகன் இருக்கிறானே என்று விட்டிருக்க வேண்டும். ஆனால் யாரோ ஒருவர் பையனை விட்டுக் கேட்கிற அளவுக்கு ஆசைப்படும்போது, கட்டிய புருஷன் பின்வாங்கினால் நன்றாகவா இருக்கும்? இருபது. முப்பது. ஐம்பது. சபையே திரும்பிப் பார்த்தது. சீன மூப்பர் ஒருவர் எழுந்து நின்றே பார்த்தார். எண்பத்தைந்தில் பொடியன் விழித்தான், யாரையோ தேடினான், உட்கார்ந்துவிட்டான். கைதட்டல்.

காரில் ஏறியதும் என் மனைவி ஊறுகாய்ப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏங்க, எண்பது வரைக்கும் ஏத்திவிட்டது நீங்கதானா?" பையனை அனுப்பியவள் அவள். ஆளில்லாமல் கிடக்கிறதே என்று அவளுக்கும் வயிற்றைப் பிசைந்திருக்கிறது. எங்கள் வீட்டு எலுமிச்சை, எங்கள் வீட்டு உப்பு, எங்கள் வீட்டுப் பாட்டில். எண்பத்தைந்து வெள்ளி கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

ஆனால் இது காரில் ஏறிய பிறகு நடந்தது. அதற்கு முன்னால் நன்றியுரை.

எங்கள் சபையில் சாப்பாட்டுக்கு டோக்கன் உண்டு. மஞ்சள் அட்டையைக் கிழித்து முத்திரை குத்திக் கொடுப்பார்கள். இதைப் பார்த்து வெளியூரிலிருந்து வந்த ஒரு போதகர் சிரித்தார். பழைய ஸ்காட்லாந்துச் சபைகளில் திருவிருந்துக்கே டோக்கன் உண்டாம். ஈயத்தில் வார்த்த சின்ன வில்லை. மூப்பர்கள் ஆளை விசாரித்து, ஒழுங்காக இருக்கிறான் என்று கண்டால்தான் கையில் கொடுப்பார்கள். அதைக் காட்டினால்தான் மேசைக்கு விடுவார்கள். தவறு செய்தவனுக்கு வேறொரு ஏற்பாடு. ஆலயத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒரு முக்காலி. மனந்திரும்புகிறவன் ஞாயிறுதோறும் சபைக்கு முன்னால் அதில் உட்கார்ந்து திட்டு வாங்க வேண்டும். பெரிய கவிஞர் ராபர்ட் பர்ன்ஸே 1786இல் தம் ஊர்ச் சபையில் எல்லோர் முன்னாலும் கண்டிப்பு வாங்கியவர்தான். இதையெல்லாம் அந்தப் போதகர் புதன்கிழமை வேதபாடத்தில் சொன்னபோது நான் நன்றாகச் சிரித்தேன். அப்போது சிரித்திருக்கக் கூடாது.

சாப்பாட்டு டோக்கன் கையில் இருக்கும்போது நன்றியுரையை யாரும் கேட்பதில்லை. கண்ணெல்லாம் பின்கட்டில்தான். பிரியாணி வாசனை ஒரு பக்கம், ரசம் கொதிக்கிற வாசனை ஒரு பக்கம். அந்த நேரத்தில் மைக்கைப் பிடித்தேன்.

பட்டியலை முந்தைய வருஷப் பட்டியலைப் பார்த்து எழுதியிருந்தேன். கிராணி புத்தி, பழைய கோப்பைப் பார்க்காமல் பேனா நகராது. நடுநடுவே ஆட்கள் துண்டுச்சீட்டு கொண்டுவந்து சட்டைப்பையில் திணித்தார்கள். 'கூடாரம் கொடுத்தவர்', 'கேஸ் தோம்பு இரண்டு', 'வேன்'. ஒரு சீட்டில் வெறுமனே 'சித்தப்பா' என்று இருந்தது. யாருடைய சித்தப்பா என்று இன்றுவரை தெரியாது. பொதுவாக "சித்தப்பாவுக்கும் நன்றி" என்றேன். ஆறு பேர் தலையசைத்தார்கள்.

கூடாரக்காரருக்கு இரண்டு தடவை சொன்னேன். ஒலிபெருக்கிக்காரருக்குச் சொல்லும்போது ஒலிபெருக்கி கீச்சிட்டது. அப்புறம், "அதிகாலையிலேயே வந்து நாற்காலிகளை அடுக்கித் தந்த…" என்று ஒரு பெரியவர் பெயரைச் சொல்லி நன்றி தெரிவித்தேன். சபை அமைதியாகிவிட்டது. அடடா, கேட்கிறார்களே என்று எனக்கு உற்சாகம். அந்தப் பெரியவர் ஆறு மாதத்துக்கு முன்பே கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர். அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். பெட்டி தூக்கினதில் நானும் ஒருவன்.

இதோடு விட்டதா? இல்லை. சித்தப்பா வரைக்கும் நன்றி சொன்னவன் ஒருவரை விட்டுவிட்டேன். பின்கட்டு அக்கா. ரசம் வைப்பவர். ரசம் மட்டுமா? வெங்காயம் வாங்குவது, அண்டா கழுவுவது, மிஞ்சிய சோற்றைப் பொட்டலம் கட்டி வராதவர்கள் வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் அவர்தான். நான் கல்யாணம் ஆகி இந்தச் சபைக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். பழைய பட்டியலில் அவர் பெயர் இல்லை. அதற்கு முந்தைய பட்டியலிலும் இல்லை, பிறகு தேடிப் பார்த்தேன். யாரும் துண்டுச்சீட்டு கொண்டுவரவும் இல்லை. துண்டுச்சீட்டு எழுதுகிற நேரத்தில் அவர் அடுப்பில் இருந்தார். "இத்துடன் என் நன்றியுரையை நிறைவு செய்கிறேன்" என்றபோது பின்கட்டில் கரண்டிச் சத்தம் நின்றது. ஒரு நொடிதான். மறுபடியும் தொடங்கியது, கொஞ்சம் பலமாக.

வீடு போகும்வரை என் மனைவி ஊறுகாயைப் பற்றி மட்டும் பேசினாள். வீட்டுக் கதவைத் திறந்த பிறகுதான், "அக்காவை விட்டுட்டீங்களே" என்றாள். எண்பத்தைந்து வெள்ளிக்குக்கூட அந்தக் குரலில் இவ்வளவு கோபம் இருந்ததில்லை.

அன்று ராத்திரி தூங்காமல் கிடந்தபோது ஒன்று தோன்றியது. என் அம்மா வாயிலிருந்து 'நன்றி' என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. லயத்தில் யாருக்கு யார் நன்றி சொன்னார்கள்? பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பு வரும். கிண்ணம் மறுநாள் திரும்பிப் போகும். வெறும் கிண்ணமாகப் போகாது. ஒன்றுமில்லை என்றால் ஒரு கைப்பிடி உப்பு, நாலு மிளகாய். "வெறுஞ்சட்டியைக் குடுக்காதடா" என்பாள் அம்மா. தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்காக 1960க்குப் பிறகு அமைச்சர் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் பத்து பத்து வெள்ளி சேர்த்தபோது அம்மாவும் கட்டினாள். துண்டாடி விற்கிற தோட்டங்களை நாமே வாங்கிவிடலாம் என்கிற திட்டம். அந்த ரசீதும் சபைக் காணிக்கை ரசீதும் ஒரே பிஸ்கட் டின்னில் இருந்தன. வாங்கினதற்கும் கொடுத்ததற்கும் அவளுக்குக் கணக்கு இருந்தது, பேச்சு இல்லை.

கோலகங்சாரில் 1877இல் நட்ட கன்றுகளில் மிஞ்சிய ரப்பர் மரம் ஒன்று வேலி போட்டு நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். மரத்துக்குப் பலகை உண்டு. மரம் வெட்டினவர்களுக்கு எந்தப் பலகையும் என் கண்ணில் பட்டதில்லை. யார் பட்டியல் எழுதினார்களோ, அவர்களும் பழைய பட்டியலைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள்.

நன்றியை ஒழுங்காகச் சொன்னவர்கள் பத்து காஜாக்காரர்கள்தான். அங்கே கெல்லீஸ் காசல் கட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர். 1915இல் தொடங்கிய மாளிகையில் வேலை செய்த தமிழர்கள் பலர் காய்ச்சலில் செத்தார்கள். மிச்சமிருந்தவர்கள் மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்றார்கள், கட்டிக் கொடுத்தார். அவர்கள் உரையெல்லாம் ஆற்றவில்லை. கோயிலின் மேலே சாமிகளுக்குப் பக்கத்தில் வெள்ளை உடுப்பும் தொப்பியுமாகத் துரையை ஒரு சிலையாக நிறுத்திவிட்டார்கள். 1926இல் துரை லிஸ்பனில் இறந்தார். மாளிகை இன்றும் அரைகுறை. சிலை முழுசாக இருக்கிறது. சுதையில் செய்து மேலே ஏற்றிவிட்டால் மறந்துபோக வழியே இல்லை பாருங்கள். எங்கள் சபையில் சிலைக்கு அனுமதி கிடையாது. கமிட்டியில் கேட்டாலும் கிடைக்காது.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போகலாம் என்று கிளம்பினேன். கையில் என்ன கொண்டுபோவது? அடுக்களையில் அக்காவின் தூக்குச்சட்டி இருந்தது. ஈஸ்டருக்கு மறுநாள் மிஞ்சிய குழம்பு கொடுத்தனுப்பியது. ஐந்து மாதமாக எங்கள் வீட்டில். வெறுஞ்சட்டியைக் கொடுக்கக் கூடாது. மனைவி குளிக்கப் போயிருந்தாள். குளிர்பெட்டியைத் திறந்தால் எண்பத்தைந்து வெள்ளி ஊறுகாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பாதியைக் கொட்டினேன்.

அக்கா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன நாலு வாக்கியத்தில் இரண்டு சொல்லுமுன்னே, "அட போ தம்பி, எனக்கெதுக்கு நன்றி? நான் என்ன வெளியாளா?" என்றார். திட்டியிருந்தால் தேவலை. கேட்டுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் தூக்குச்சட்டியை நீட்டினேன். மூடியைத் திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். "உன் வீட்டுக்காரி போட்டதா? அவகிட்ட சொல்லிடாத."

சொல்லவில்லை. புதன்கிழமை வேதபாடத்தில் அதே தூக்குச்சட்டி சுண்டலோடு திரும்பி வந்தது. என் மனைவி அதைத் திறந்து பார்த்துவிட்டு, "நம்ம வீட்டிலிருந்து என்ன போச்சு?" என்று கேட்டாள். குளிர்பெட்டியைத் திறந்தாள். மீதியை நான் சொல்ல விரும்பவில்லை.

நாற்காலி அடுக்கிய பெரியவரின் மனைவி மட்டும் பண்டிகையன்று நன்றியுரை முடிந்ததும் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் மறந்துட்டாங்க தம்பி. நீங்களாவது அவரை ஞாபகம் வச்சுச் சொன்னீங்களே" என்று அழுதார். என் வாழ்நாளில் நான் ஆற்றிய ஒரே நன்றியுரைக்குக் கிடைத்த ஒரே நன்றி அது. நான் மறுக்கவில்லை. தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

இந்த வருஷம் பண்டிகைக்கு முதல் நாளே அக்கா ஆள் அனுப்பினார். பின்கட்டில் சிவப்புப் பிளாஸ்டிக் முக்காலி ஒன்று போட்டிருந்தது. (கால் நாலு, நாங்கள் முக்காலி என்றுதான் சொல்வோம்.) பக்கத்தில் ஒரு மூட்டை வெங்காயம். "உட்காரு" என்றார். உட்கார்ந்தேன். கதவுக்கு நேராக இருந்ததால் உள்ளே வருகிறவர், வெளியே போகிறவர் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சீன மூப்பர் நின்று பார்த்து, "அங்கிள், அழாதீங்க" என்று தமிழிலேயே சொன்னார். ஜான் நாக்ஸ் பார்த்திருந்தால் திருப்திப்பட்டிருப்பார்.

பண்டிகை நாளிலும் அதே முக்காலி. விட்டது போக மிச்சம் சின்ன வெங்காயம். உள்ளே ஏலம் முடிந்து நன்றியுரை தொடங்கியது. இந்தத் தடவை ஒரு வாலிபன். கைப்பேசியைப் பார்த்து, இரண்டு மூப்பர் கையெழுத்தோடு, தெளிவாக வாசித்தான். முதல் பெயரே அக்கா. சபை எழுந்து கைதட்டியது. அக்காவுக்கு எதுவும் காதில் விழவில்லை. தலைக்கு மேலே புகை இழுக்கிற காற்றாடி இரைந்துகொண்டிருந்தது. "பெருங்காய டப்பாவை எங்கடி வச்சீங்க?" என்று யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார்.

நான் காதைத் தீட்டிக்கொண்டேன். கூடாரம், ஒரு தடவைதான். கேஸ் தோம்பு. வேன். நாற்காலி, உயிரோடு இருக்கிற ஆள். கோழி வெட்டியவர்கள். வாழையிலை நறுக்கியவர்கள். தேங்காய் துருவியவர்கள். வெங்காயம் இதோ வருகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "இத்துடன் என் நன்றியுரையை நிறைவு செய்கிறேன்" என்றான்.

அக்கா ரசத்தைக் கிளறிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி, கை நின்னுபோச்சு?"